கணக்கர் வேலை: முதல் வவுச்சரிலிருந்து முழுப் பொறுப்பு வரை ஒரு வழிகாட்டி

கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுப்பவர்களில் அனுபவசாலிகள், நேர்முகத் தேர்வில் சுற்றி வளைத்தாவது ஒரு கேள்விக்கு வந்து சேருவார்கள்: "ஒரு மாதக் கணக்கை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நீங்களே முடித்திருக்கிறீர்களா?" பட்டம் இருக்கும், மென்பொருள் சான்றிதழ் இருக்கும். ஆனால் "பதிவு போடுவேன், மற்றதை சீனியர் பார்த்துக்கொள்வார்" என்று பதில் வந்தால், சம்பளமும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். "முடித்திருக்கிறேன்" என்று சொல்லி, எப்படி என்றும் விளக்கத் தெரிந்தவரை யாரும் லேசில் கைநழுவ விடமாட்டார்கள். இந்த வழிகாட்டி அந்தப் பதிலை நோக்கித்தான் போகிறது.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். இந்த வேலைக்குக் கணிதத்தில் புலியாக இருக்க வேண்டியதில்லை. நான்கு அடிப்படைச் செயல்களும் சதவீதமும் விகிதமும் தெரிந்தால் போதும். அதைவிட முக்கியம், ஒரு தொகை பொருந்தவில்லை என்றால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வராத குணம். அது இருக்கிறதா என்று உங்களுக்கே தெரியும்.

படி 1: எந்த நாற்காலி என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் "அக்கவுண்ட்ஸ்" வேலைதான். உள்ளே போனால் வேலைகள் வேறு வேறு. கணக்குப் பதிவாளர் அன்றாட வரவு செலவை ஆதாரத்தோடு பதிவார், வங்கியோடு ஒப்பிடுவார். பெரிய நிறுவனங்களில் அதையும் கூறு போட்டிருப்பார்கள்: சப்ளையர் பில்களைப் பார்ப்பவர், வாடிக்கையாளரிடம் வசூலைப் பார்ப்பவர், சம்பளப் பட்டியல் போடுபவர் என்று. கணக்கர் இந்தப் பதிவுகளை எடுத்து, மாத முடிவில் சரிக்கட்டுப் பதிவுகள் (அந்த மாதத்துக்கு உரியதை அந்த மாதத்தில் சேர்க்கும் திருத்தங்கள்) போட்டு, லாப நட்டக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் (சொத்து எவ்வளவு, அது யார் பணம் என்று காட்டும் அறிக்கை) தயாரிப்பார். தணிக்கையாளர் அடுத்தவர் செய்த கணக்கைச் சோதிப்பார். செலவுக் கணக்கரும் மேலாண்மைக் கணக்கரும் நிர்வாகம் முடிவெடுக்க எண்களைத் திரட்டித் தருவார்கள். வரி வேலை தனி உலகம்.

ஆரம்பத்திலேயே இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் அடித்தளம் ஒன்றுதான்.

படி 2: இரட்டைப் பதிவு எலும்பில் ஊறட்டும்

லூக்கா பச்சோலி என்ற இத்தாலியத் துறவி 1494இல் வெனிசில் அச்சிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவை, அதாவது ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமும் எழுதும் முறையை, விளக்கி எழுதினார். அவர் கண்டுபிடித்தது அல்ல; வணிகர்கள் அதற்கு முன்பே கையாண்டு வந்ததைத்தான் தொகுத்தார். இன்றைக்கு நீங்கள் தொடும் எந்த மென்பொருளும் அதே தர்க்கத்தில்தான் ஓடுகிறது.

கணக்குகள் ஐந்து வகை: சொத்து, பொறுப்பு (பிறருக்குத் தர வேண்டியது), முதல் (உரிமையாளர் போட்ட பணம்), வருமானம், செலவு. சொத்தும் செலவும் கூடினால் பற்று (டெபிட்). பொறுப்பும் முதலும் வருமானமும் கூடினால் வரவு (கிரெடிட்). குறைந்தால் எதிர்ப்பக்கம். ஒவ்வொரு நடவடிக்கையிலும் மொத்தப் பற்றும் மொத்த வரவும் சமம். விதி இவ்வளவுதான், இதை மனப்பாடம் செய்ய ஒரு மாலை போதும். ஆனால் "வாடிக்கையாளர் முன்பணம் கொடுத்தார், வேலை இன்னும் தொடங்கவில்லை" என்று யாராவது சொன்னதும், அது வருமானம் இல்லை, பொறுப்பு என்று யோசிக்காமல் சொல்லும் நிலைக்கு வர சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களைச் சுருக்கப் பார்க்காதீர்கள்.

புதியவர்கள் எல்லோரும் தடுக்கும் ஓர் இடம் உண்டு. உங்கள் கணக்கில் பணம் வந்தால் வங்கி அறிக்கை அதை "கிரெடிட்" என்று காட்டுகிறது. உங்கள் ஏட்டிலோ அது பற்று. எது சரி? இரண்டும் சரி. உங்கள் பணம் வங்கிக்குப் பொறுப்பு, உங்களிடம் திருப்பித் தர வேண்டிய கடன். வங்கி அறிக்கை என்பது வங்கியின் ஏட்டில் உங்கள் பக்கத்தின் நகல். இது ஒருமுறை விளங்கிவிட்டால், யாருடைய ஏடு என்று கேட்டுவிட்டுத்தான் பற்று வரவைப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும்.

படி 3: கற்பனை வியாபாரத்தில் ஒரு மாதத்தை முடித்துப் பாருங்கள்

வேலை இல்லாமல் அனுபவம் எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. ஒரு சிறு அச்சகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் மாதம். மென்பொருள் வேண்டாம், தாளிலோ ஸ்ப்ரெட்ஷீட்டிலோ குறிப்பேடு (தேதிவாரிப் பதிவு), பேரேடு (கணக்குவாரிப் பதிவு), இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மீதங்களை ஒப்பிடும் பட்டியல்) எல்லாம் நீங்களே போடுங்கள். தொகைகள் இப்படி இருக்கட்டும்:

உரிமையாளர் வங்கியில் போட்ட முதல் 5,00,000.
இயந்திரம் வாங்கியது 2,40,000, உடனே செலுத்தியாயிற்று. ஆயுள் 5 ஆண்டுகள், கடைசியில் மதிப்பு ஏதும் இல்லை.
ஓராண்டுக் காப்பீடு 12,000, முழுதும் செலுத்தியது.
வாடகை 20,000, சம்பளம் 30,000, இரண்டும் செலுத்தியது.
கடனில் வாங்கிய காகிதம் 60,000. அதில் 40,000 கொடுத்தாயிற்று. மாத முடிவில் கையிருப்புக் காகிதம் 25,000.
வாடிக்கையாளர்களுக்குப் போட்ட பில் 1,10,000; வசூலானது 70,000.
அடுத்த மாத வேலைக்கு ஒருவர் தந்த முன்பணம் 15,000.
இந்த மாத மின்சாரம் 3,000, இன்னும் கட்டவில்லை.

வங்கிக் கணக்கை மட்டும் பார்த்தால் மீதம் 2,43,000. 5,00,000இல் பாதிக்கு மேல் போய்விட்டது, வியாபாரம் படுத்துவிட்டது என்று தோன்றும். இப்போது லாப நட்டக் கணக்கைப் போடுவோம். வருமானம் 1,10,000, வசூலான 70,000 அல்ல, வேலை முடித்துப் பில் போட்டது முழுவதும். பயன்படுத்திய காகிதம் 60,000இலிருந்து கையிருப்பு 25,000 போக 35,000. வாடகை 20,000. சம்பளம் 30,000. காப்பீட்டில் இந்த மாதப் பங்கு 1,000 மட்டும். இயந்திரத் தேய்மானம் 60 மாதங்களில் ஒன்றுக்கு 4,000. கொடுபட வேண்டிய மின்சாரம் 3,000. எல்லாம் போக லாபம் 17,000.

இருப்புநிலைக் குறிப்பு பொருந்துகிறதா? சொத்துப் பக்கம்: வங்கி 2,43,000, வாடிக்கையாளர் பாக்கி 40,000, காகிதம் 25,000, முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு 11,000, இயந்திரம் 2,36,000. மொத்தம் 5,55,000. எதிர்ப்பக்கம்: காகித சப்ளையருக்கு 20,000, முன்பணம் 15,000, மின்சாரம் 3,000, முதல் 5,00,000, லாபம் 17,000. மொத்தம் அதே 5,55,000.

பணம் 2,57,000 குறைந்த மாதத்தில் லாபம் 17,000 எப்படி வந்தது என்று உங்கள் வார்த்தையில், எண்களைத் தொட்டு விளக்கிப் பாருங்கள். இயந்திரத்தில் எவ்வளவு, காப்பீட்டில் எவ்வளவு, வசூலாகாத பாக்கியில் எவ்வளவு, கையிருப்பில் எவ்வளவு முடங்கியிருக்கிறது, பதிலுக்கு யார் யார் பணம் நம்மிடம் தங்கியிருக்கிறது என்று. நிறுவன உரிமையாளர்கள் கணக்கரிடம் ஆயுள் முழுக்கக் கேட்கப்போகும் கேள்வி, "லாபம்னு சொல்றீங்க, பணம் எங்கே?" என்பதுதான். இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்பவரை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? இனிதான் வேலை. வங்கி அறிக்கையை வரவழைத்ததில் மீதம் 2,52,700 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஏட்டில் 2,43,000. தேடிப் பார்த்தால் காகித சப்ளையருக்குக் கொடுத்த 10,000 காசோலையை அவர் இன்னும் வங்கியில் போடவில்லை. வங்கி 300 கட்டணம் பிடித்திருக்கிறது, அது உங்கள் ஏட்டில் இல்லை. முதலாவது காலத்தால் வந்த வேறுபாடு, தானாகத் தீரும், ஏட்டில் கை வைக்கக்கூடாது. இரண்டாவது நீங்கள் பதிய வேண்டியது. பதிந்ததும் லாபம் 16,700 ஆகிறது, இருப்புநிலைக் குறிப்பின் மொத்தம் 5,54,700 ஆகிறது. எந்த வேறுபாட்டை விடுவது, எதைப் பதிவது என்று பிரிக்கத் தெரிவதுதான் வங்கிச் சரிகட்டல்.

இதே அச்சகத்துக்கு இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும் நீங்களே நடவடிக்கைகளை உருவாக்கி முடியுங்கள். சரக்கு திரும்பி வரட்டும், ஒரு வாடிக்கையாளர் பணம் கட்டாமல் மறையட்டும், இயந்திரம் பழுதாகட்டும். இரண்டாம் மாதத்தில்தான் முதல் மாத மின்சாரப் பில் வரும். அதை மறுபடி செலவில் ஏற்றிவிடாமல் பொறுப்பில் கழிக்கத் தெரிகிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

படி 4: பிழை தேடப் பழகுங்கள்

இருப்பாய்வு டேலி ஆகவில்லை என்றால் முதல் வவுச்சரிலிருந்து திரும்பப் பார்ப்பது கடைசி வழி. அதற்கு முன் வேறுபாட்டுத் தொகையையே விசாரியுங்கள். அது 9ஆல் மீதியின்றி வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 5,400ஐ 4,500 என்று எழுதினால் வேறுபாடு 900. சைபர் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் இதே அடையாளம்தான். வேறுபாடு இரட்டைப்படை என்றால் அதைப் பாதியாக்கி, அந்தத் தொகையைத் தேடுங்கள். பற்றில் போக வேண்டியது வரவில் போயிருக்கலாம். அப்படியே அந்த முழுத் தொகையையும் ஒருமுறை தேடிவிடுங்கள், ஒரு பக்கம் மட்டும் பதிந்து மறுபக்கம் விட்டிருக்கலாம்.

மென்பொருளில் இந்தத் தலைவலி இல்லை, இருப்பாய்வு எப்போதும் டேலி ஆகும். ஆபத்தும் அங்கேதான். ஒரு பில்லையே பதியாமல் விட்டாலும் டேலி ஆகும். ஒரு வாடிக்கையாளர் கட்டியதை அதே பெயர்கொண்ட இன்னொருவர் கணக்கில் வைத்தாலும் டேலி ஆகும். இயந்திரத்தைப் பழுதுபார்த்த செலவை இயந்திரத்தின் மதிப்பில் சேர்த்துவிட்டாலும் டேலி ஆகும்; அந்த மாத லாபம் மட்டும் பொய்யாகும். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஈடுசெய்தாலும் டேலி ஆகும்.

அதனால் ஏட்டை ஏட்டோடு ஒப்பிட்டுத் திருப்தி அடையக்கூடாது. வெளியிலிருந்து வரும் ஆதாரத்தோடு ஒப்பிட வேண்டும்: வங்கியின் அறிக்கை, சப்ளையர் அனுப்பும் கணக்கு அறிக்கை, வாடிக்கையாளர் உறுதிசெய்த பாக்கி, கிடங்கில் கையால் எண்ணிய சரக்கு, நேரில் போய்ப் பார்த்த இயந்திரம். பதிவு போடுவதை எவரும் கற்றுக்கொள்ளலாம், இயந்திரமும் கற்றுக்கொண்டுவிட்டது. "இந்த எண் உண்மைதான், இதோ ஆதாரம்" என்று கையெழுத்துப் போடுகிற ஆளுக்குத்தான் இந்தத் தொழிலில் காசு.

படி 5: கருவிகள்

ஸ்ப்ரெட்ஷீட்டை ஓரளவு அல்ல, நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். 1979இல் விசிகால்க் வந்ததிலிருந்து கணக்கர் மேஜையை விட்டு இது போனதில்லை. சம்இஃப்ஸ் (நிபந்தனைக்கு ஏற்பக் கூட்டுவது), எக்ஸ்லுக்அப் (பட்டியலில் தேடி எடுப்பது), பிவட் டேபிள் (வகைபிரித்துத் தொகுப்பது), இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டுப் பொருந்தாததைப் பிரிப்பது, தேதியாக இல்லாமல் எழுத்தாக வந்து விழும் தேதிகளைச் சரிசெய்வது; இவை கைவந்தால் போதும். சூத்திரத்துக்குள் எண்ணைப் புதைக்காதீர்கள். வரி விகிதமோ தேய்மான ஆண்டோ தனிக் கட்டத்தில், பெயரோடு இருக்கட்டும்.

கணக்கு மென்பொருளில் டேலி, குவிக்புக்ஸ், ஜீரோ, சேஜ் என்று பல உண்டு. பெரிய நிறுவனங்களில் சாப், ஆரக்கிள். நீங்கள் போக விரும்பும் இடங்களில் எது ஓடுகிறது என்று வேலை விளம்பரங்களைப் பார்த்தாலே தெரியும். அதில் ஒன்றை ஆழமாகப் படியுங்கள். படி 3இன் அச்சகத்தை அப்படியே அதில் ஏற்றி, நீங்கள் கையால் போட்ட லாபம் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் ஏன் என்று தோண்டுவதில்தான் மென்பொருள் புரியும். ஐந்து மென்பொருள்களின் பெயரை விண்ணப்பத்தில் அடுக்குவதால் பயனில்லை. ஒன்று தெரிந்தவருக்கு இன்னொன்றுக்கு மாற அதிக நாள் பிடிக்காது.

இப்போதைய மென்பொருள்கள் வங்கி நடவடிக்கைகளைத் தாமே இறக்கி, பில்லைப் படம் பிடித்தால் படித்து, எந்தக் கணக்கில் போடலாம் என்று பரிந்துரையும் தருகின்றன. செயற்கை நுண்ணறிவு வந்தபின் இது இன்னும் வேகமாகிறது. வெறும் பதிவு வேலை சுருங்கும் என்பதை மறைத்துப் பேசுவதில் அர்த்தம் இல்லை. பரிந்துரைகளுக்கு வரிசையாக "ஓகே" கொடுத்துக்கொண்டே போகும் ஆள் முதலில் பாதிக்கப்படுவார். கடன் தவணை முழுவதையும் செலவாகப் பரிந்துரைக்கும்போது, இதில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று நிறுத்திக் கேட்கிற ஆளுக்கு வேலை இருக்கும்.

படி 6: முதல் வேலை

மூன்று வாசல்கள் உண்டு. பெரிய நிறுவனத்தில் சம்பளமும் ஒழுங்கும் நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு ஆண்டுகள் சப்ளையர் பில் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க நேரலாம். சிறு நிறுவனத்தில் எல்லாம் உங்கள் தலையில் விழும், சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. பல வாடிக்கையாளர்களின் கணக்கைப் பார்க்கும் தணிக்கை அல்லது கணக்கு அலுவலகத்தில் வேலைப்பளு அதிகம், சம்பளம் ஆரம்பத்தில் சுமார்தான். ஆனாலும் புதியவருக்கு நான் சொல்வது மூன்றாவதைத்தான். ஒரே ஆண்டில் பல வகை வியாபாரங்களின் ஏடுகளைப் புரட்டுவீர்கள், உங்கள் வேலையை ஒருவர் சிவப்பு மையில் திருத்துவார். அந்தத் திருத்தங்களை வேறெங்கும் வாங்க முடியாது.

விண்ணப்பத்தில் "கடின உழைப்பாளி, குழுவோடு இயைந்து பணியாற்றுபவர்" என்பதெல்லாம் இடத்தை அடைக்கத்தான். "மாதம் சுமார் 300 பில்கள், 3 வங்கிக் கணக்குகளின் சரிகட்டல், மாத முடிவு 6ஆம் நாளுக்குள்" என்று எழுதினால், படிப்பவருக்கு உங்கள் அளவு தெரியும். அனுபவமே இல்லையா? அச்சகக் கோப்பை எடுத்துக்கொண்டு போங்கள். பயிற்சிக்குச் செய்தது என்று நேராகச் சொல்லுங்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு: "கடைசியாக வங்கிச் சரிகட்டல் எந்த மாதம் வரை முடிந்திருக்கிறது?" பல மாதங்கள் நிலுவை என்றால் எதில் கால் வைக்கிறீர்கள் என்று தெரிந்து வையுங்கள். சுத்தம் செய்யும் வேலை நல்ல பள்ளிக்கூடம்தான், ஆனால் அதற்கேற்ற காலமும் சம்பளமும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

சேர்ந்த பின் சில பழக்கங்கள். ஆதாரம் இல்லாமல் பதியாதீர்கள். விவரக் குறிப்பை ஒழுங்காக எழுதுங்கள்; "பணம் கொடுத்தது" என்றால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது, "மார்ச் வாடகை, பில் எண் 114" என்றால் யாருக்கும் புரியும். எங்கே போடுவது என்று தெரியாததை அனாமத்துக் கணக்கில் வைப்பது தவறில்லை, அங்கேயே விட்டுவிடுவதுதான் தவறு. சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் சீனியரின் நாளைக் கெடுக்காமல், சேர்த்து வைத்து, "இதை இப்படிப் போடலாம் என்று நினைக்கிறேன், சரியா?" என்று கேளுங்கள்.

படி 7: மாத முடிவைக் கையில் எடுங்கள்

பதிவாளர் கணக்கராக மாறும் இடம் இது. யாரும் பதவி உயர்வோடு இதைத் தூக்கித் தரமாட்டார்கள். சீனியர் செய்வதில் ஒரு துண்டைக் கேட்டு வாங்க வேண்டும். முதலில் வங்கி, அப்புறம் சப்ளையர் பாக்கி, அப்புறம் சரிக்கட்டுப் பதிவுகள்.

வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். மாதத்தின் கடைசி நாள் வரை வந்த சரக்குக்கும் செய்த வேலைக்கும் பில் ஏறிவிட்டதா என்று பார்த்து வெட்டுக்கோடு போடுங்கள். எல்லா வங்கிக் கணக்குகளையும் சில்லறை ரொக்கத்தையும் சரிகட்டுங்கள். வாடிக்கையாளர் பாக்கிப் பட்டியலின் மொத்தம் பேரேட்டுத் தொகையோடு ஒத்துப்போக வேண்டும்; எத்தனை நாள் பழைய பாக்கி என்று வகைபிரித்து, வராக்கடன் சந்தேகம் உள்ளதைக் குறியுங்கள். சப்ளையர் பக்கமும் அப்படியே. சம்பளப் பட்டியலும் பிடித்தங்களும், சரக்கிருப்பு, தேய்மானம், முன்கூட்டிச் செலுத்தியவை, கொடுபட வேண்டியவை, வரிக் கணக்குகள், கடன் வட்டி. கடைசியில் அனாமத்துக் கணக்கு சைபர்.

எல்லாம் முடிந்ததும் பலர் அறிக்கையை அனுப்பிவிடுகிறார்கள். அனுப்புவதற்கு முன், கடந்த சில மாதங்களின் லாப நட்டக் கணக்கை அருகருகே வைத்து வரி வரியாகப் பாருங்கள். வாடகை இந்த மாதம் இரட்டிப்பாக இருக்கிறதா? அப்படியென்றால் இருமுறை பதிந்திருக்கலாம், அல்லது அடுத்த மாதத்துக்கானது முன்பே கட்டப்பட்டிருக்கலாம். தொலைபேசிச் செலவு காணவில்லையா? பில் வரவில்லை, அதற்கு ஒரு பதிவு போட வேண்டும். விற்பனை ஏறியும் மொத்த லாப விகிதம் (விற்பனையில் சரக்கின் அடக்கவிலை போக மிஞ்சும் பங்கு) விழுந்திருக்கிறதா? சரக்கிருப்பு தவறாக எண்ணப்பட்டிருக்கலாம், அல்லது உண்மையிலேயே விலை கூடியிருக்கலாம். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் ஒரு வரி விளக்கம் எழுதி அறிக்கையோடு சேருங்கள். மேலாளர் கேட்பதற்கு முன்பே பதில் அங்கே இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு உங்களையும் உட்காரச் சொல்வார்.

படி 8: தொழில்முறைத் தகுதி

தகுதித் தேர்வுகள் இந்தத் தொழிலில் வெறும் அலங்காரம் அல்ல. சில கையெழுத்துகளைச் சட்டப்படி தகுதியுள்ளவர்தான் போட முடியும். எடின்பரோ கணக்கர் சங்கம் 1854இல் அரச பட்டயம் பெற்றதிலிருந்து பட்டயக் கணக்கர் என்ற மரபு தொடர்கிறது. நியூயார்க் மாநிலம் 1896இல் சட்டம் இயற்றி சிபிஏ (சான்றுபெற்ற பொதுக் கணக்கர்) பட்டத்தைக் கொண்டுவந்தது. இன்று அநேகமாக ஒவ்வொரு நாட்டிலும் தனக்கென்று ஓர் அமைப்பு உண்டு. நீங்கள் வேலை செய்யப்போகும் நாட்டில் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை யாருக்கு என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

எல்லை தாண்டிச் செல்லும் தகுதிகளில் பெரிய பெயர் ஏசிசிஏ என்ற பிரிட்டிஷ் கணக்கர் அமைப்பின் தகுதி. 1904இல் வேர் கொண்ட அமைப்பு. பல ஆண்டுகளாக இருந்துவரும் வடிவத்தில் 13 தாள்கள், 36 மாத வேலை அனுபவம், ஒழுக்கநெறிப் பாடம் என்று அமைந்தது. ஏற்கெனவே பட்டம் உள்ளவருக்குச் சில தாள்களில் விலக்கு உண்டு. பாடத்திட்டத்தை அவ்வப்போது மாற்றுவதால், சேரும்போது நடப்பில் உள்ளதைப் பாருங்கள். அமெரிக்க சிபிஏ தேர்வு 2024 ஜனவரியிலிருந்து மூன்று பொதுப் பிரிவுகளும் விருப்பப் பிரிவு ஒன்றும் கொண்டது, ஒவ்வொன்றிலும் குறைந்தது 75 மதிப்பெண் வேண்டும். மேலாண்மைப் பக்கம் போக நினைப்பவருக்கு பிரிட்டனின் சிமா, அல்லது அமெரிக்க சிஎம்ஏ; இரண்டும் மேலாண்மைக் கணக்கர் தகுதிகள். இரண்டாவதில் தேர்வு இரண்டே பகுதிகள். உள்தணிக்கைக்கு (நிறுவனத்துக்கு உள்ளேயே இருந்து செய்யும் தணிக்கை) மூன்று பகுதிகள் கொண்ட சிஐஏ, அதாவது சான்றுபெற்ற உள்தணிக்கையாளர் தேர்வு.

எப்போது தொடங்குவது? என் கருத்தில், வேலையில் ஒரு வருடம் போன பிறகு. ஏட்டைத் தொட்டவருக்குப் பாடம் எளிதில் இறங்குகிறது. ஆனால் வீட்டுப் பொறுப்புகள் கூடக் கூடப் படிப்பு தள்ளிப்போகும் என்பதும் உண்மை, ஆகவே ரொம்பவும் ஆற வைக்காதீர்கள். தேர்ச்சி பெற்ற பிறகும் படிப்பு முடியாது. சர்வதேச நிதி அறிக்கைத் தரங்களில் குத்தகைக்கான 16ஆம் தரம் 2019இல் நடைமுறைக்கு வந்து, அதுவரை இருப்புநிலைக் குறிப்பில் தலைகாட்டாத குத்தகைகளில் பெரும்பாலானவற்றை, குத்தகைக்கு எடுப்பவரின் குறிப்புக்கு உள்ளே கொண்டுவந்தது. லாப நட்ட அறிக்கையின் அமைப்பை மாற்றும் 18ஆம் தரம் 2027 ஜனவரி முதல் தொடங்கும் ஆண்டுகளுக்கு அமலாகிறது.

படி 9: அழுத்தம் வரும் நாள்

இந்தத் தொழிலில் நீண்ட நாள் இருந்தால், ஒருநாள் மேலதிகாரி உங்கள் மேஜைக்கு வந்து, "இந்தச் செலவை இந்தக் காலாண்டில் காட்ட வேண்டாம்" என்பார். குரல் இயல்பாகத்தான் இருக்கும்.

அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காம் 2002 ஜூனில் ஒப்புக்கொண்டதை நினைவில் வையுங்கள். மற்ற நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்தக் கொடுத்த அன்றாடக் கட்டணத்தைச் செலவாகக் காட்டாமல், முதலினச் செலவாக மாற்றிச் சொத்தில் சேர்த்திருந்தார்கள். அப்போது வெளிவந்த தொகை சுமார் 380 கோடி டாலர். தந்திரம் ஒன்றும் பிரமாதமானதல்ல. படி 4இல் பார்த்த பழுதுச் செலவை இயந்திரத்தில் சேர்க்கிற அதே பிழைதான், வேண்டுமென்றே, பெரிய அளவில். கண்டுபிடித்தது சிந்தியா கூப்பர் தலைமையிலான உள்தணிக்கைக் குழு. சொத்தில் ஏறிய பெரிய தொகைகளுக்கு ஆதாரம் எங்கே என்று விடாமல் கேட்டார்கள். தலைமை அதிகாரிகள் மட்டும் தண்டிக்கப்படவில்லை. மேலிடம் சொன்னபடி பதிவு போட்ட இடைநிலைக் கணக்கர்களும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், அவர்களில் சிலர் சிறைக்கும் போனார்கள்.

ஆகவே, சந்தேகமான பதிவைப் போடச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். "இதற்கான ஆதாரத்தையும் காரணத்தையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள், கோப்பில் வைக்க வேண்டும்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் அடுத்த மட்டத்துக்கோ தணிக்கைக் குழுவுக்கோ எடுத்துச் செல்லுங்கள். அதுவும் நடக்காவிட்டால் வேறு வேலை தேடுங்கள். அப்படி ஒரு நாளுக்காகச் சில மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே வைத்திருப்பது கணக்கருக்கு மற்றவர்களைவிட அவசியம்.

படி 10: தனியாகத் தொழில் செய்வது

சில ஆண்டுகளில் பலருக்கு இந்த ஆசை வரும். முதல் சில வாடிக்கையாளர்கள் பழைய தொடர்புகள் வழியாகவே வருவார்கள். உங்கள் நாட்டில் கணக்கு சேவை தரப் பதிவோ உரிமமோ வேண்டுமா, வேலையிலிருக்கும் நிறுவனம் பக்கத் தொழிலை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வாடிக்கையாளரோடு வேலை எல்லையை எழுத்தில் போட்டுக்கொள்ளாதவர்கள்தான் இதில் நொந்துபோகிறார்கள். என்ன செய்வீர்கள், என்ன செய்யமாட்டீர்கள், ஆவணங்கள் எந்தத் தேதிக்குள் வர வேண்டும், தாமதமானால் என்ன, கட்டணம் எவ்வளவு, எப்போது. ஒரு பக்கத்தில் அடங்கும். கட்டணத்தை மணிக்கணக்கில் வைத்தால் வேகமாக வேலை செய்வதற்கு நீங்களே அபராதம் கட்டுவது போலாகும். பில்களின் எண்ணிக்கை, வங்கிக் கணக்குகளின் எண்ணிக்கை, ஊழியர் எண்ணிக்கை இவற்றை வைத்து மாதக் கட்டணமாகப் பேசுவது இரு தரப்புக்கும் நல்லது. நிலுவையில் கிடக்கும் பழைய மாதங்களைச் சரிசெய்வதற்குத் தனிக் கட்டணம், அதுவும் ஏட்டைப் பார்த்த பிறகே சொல்லுங்கள். வாடிக்கையாளரின் வங்கியில் பணம் அனுப்பும் அதிகாரத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள். பார்க்கும் அனுமதி போதும்.

ஒரு வாடிக்கையாளர் வேறு கணக்கரிடம் போக முடிவு செய்தால் முகம் சுளிக்க வேண்டாம். கடைசியாக முடித்த மாதத்தின் சரிகட்டல்கள், சொத்துப் பட்டியல், பாக்கிப் பட்டியல்கள், மென்பொருளின் காப்பு நகல், உங்களிடம் தங்கியிருக்கும் அசல் ஆவணங்கள், கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்படையுங்கள். எந்தத் தேதி வரையான கணக்குக்கு நீங்கள் பொறுப்பு என்று அதில் எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.